கல்லறைக்குக் காவல்: மத்தேயு 27:62 முதல் 28:15 வரை ஒரு விளக்கவுரை

நெல்லியடிச் சந்தியால் பருத்தித்துறைப் பக்கம் போனால் ஹாட்லிக் கல்லூரி வரும். 1838இல் வெஸ்லியன் மிஷன் பாதிரியார் பீற்றர் பேர்சிவல் தொடக்கிவைத்த பள்ளிக்கூடம் அது. வடமராட்சியின் சைவப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் திருநீறு பூசிக்கொண்டு போய் அங்கேயும் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையிலும் படித்து வந்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்தில் வேதாகமக் கதை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. தேவாரம் ஓதும் வீட்டிலும் பேதுரு மூன்று தரம் மறுதலித்ததும் சேவல் கூவியதும் தெரியும். தெரிந்தவர்கள் கேள்வியும் கேட்பார்கள். அதில் ஒன்று: "மூண்டாம் நாள் எழும்புவன் எண்டு அவர் முன்னமே சொல்லியிருந்தா, அண்டைக்கு ஏன் ஒருத்தரும் வாசலிலை வந்து நிக்கேல்லை?"

கேட்பவர் குறும்பாகக் கேட்டாலும் கேள்வி கனமானது. சுவிசேஷங்கள் நான்கையும் எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்கள் சேவகர்கள் மட்டுமே. அவர்களை அங்கே நிறுத்தியவர்கள் இயேசுவின் பகைவர்கள். இதைச் சொல்வதும் மத்தேயு ஒருவர்தான். மாற்கு, லூக்கா, யோவான் மூவரிடமும் காவல் என்ற பேச்சே இல்லை. அந்தச் சிறு பகுதியைத் துண்டு துண்டாக எடுத்து, வசனத்தின் பொருளை என் சொற்களில் சொல்லி, உரை எழுதிப் பார்க்கிறேன். நான் காண்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பகைவர்கள் அவர் சொன்னதை நினைவில் வைத்திருந்தார்கள், நடக்குமென்று எதிர்பார்க்கவில்லை. சீடர்கள் எதிர்பார்க்கவுமில்லை, நினைவில் வைத்திருக்கவுமில்லை.

பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகமம் 1850இல் வெளிவந்தது. அந்த மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதிப் பாதிரிமாரை அவர்கள் நூலைக் கொண்டே மடக்கியவரும் அவரே. நான் எடுத்துக்கொண்ட இந்தப் பகுதியையும் ஒரு சைவப் பண்டிதர் சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்திருப்பார் என்ற நினைப்பு, இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் துணிவு தருகிறது.

27:57–61 (காவலுக்கு முன்)

அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்துவிடம் உடலைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, பாறையில் வெட்டிய தன் புதுக் கல்லறையில் வைத்து, பெரிய கல்லை வாசலில் உருட்டிவிட்டுப் போகிறார். மகதலேனா மரியாளும் மற்ற மரியாளும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதினொரு சீடர்களில் ஒருவரும் இங்கே இல்லை. யோவான் எழுதிய சுவிசேஷம் இந்த இடத்தில் நிக்கொதேமுவையும் சேர்த்துக்கொள்கிறது. அவர் கொண்டுவந்த வெள்ளைப்போளமும் அகிலும் ஏறக்குறைய நூறு இராத்தல், நம் கணக்கில் 33 கிலோ அளவு. ஓர் அரசனுக்குப் போடுமளவு வாசனைத் திரவியம். நாளை மறுநாள் எழுந்து போகப் போகிறவருக்கு எவரும் இத்தனையைச் செலவழிக்கமாட்டார். அன்பு நிறைய இருக்கிறது, மரியாதை இருக்கிறது. எதிர்பார்ப்பு மட்டும் ஒரு துளியும் இல்லை. கல்லை உருட்டி மூடியதோடு யோசேப்பின் கடமை முடிந்தது; அதற்குப் பிறகு அவர் எந்தச் சுவிசேஷத்திலும் தலைகாட்டுவதில்லை.

27:62

மறுநாள், அதாவது ஆயத்த நாளுக்கு அடுத்த நாள், பிரதான ஆசாரியரும் பரிசேயரும் கூடிப் பிலாத்துவிடம் போகிறார்கள்.

ஆயத்த நாளுக்கு அடுத்த நாள் ஓய்வுநாள். மத்தேயு ஏன் இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று உரைகாரர்கள் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்றதற்காகச் சீடர்கள்மேல் குற்றம் பிடித்தவர்கள், அதே ஓய்வுநாளில் அந்நிய ஆளுநரின் வாசலில் மனுவோடு நிற்கிறார்கள் என்பதை வாசகர் தாமாகக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். முதல்நாள் காலையில் இதே கூட்டத்தார் தீட்டுப்படுமென்று பிலாத்துவின் மாளிகைக்குள் கால் வைக்கவில்லை என்கிறார் யோவான்.

நம் ஊர்க் கத்தோலிக்கருக்குத் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் இருக்கிறது, உயிர்த்த ஞாயிறுக்குப் பூசையும் மணியும் இருக்கின்றன. இடையில் கிடக்கும் பெரிய சனியைப் பற்றிச் சுவிசேஷங்களில் கதை என்று சொல்ல இருப்பது இந்த மனு ஒன்றே. அந்த நாளில் சீடர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு, பெண்கள் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்ற லூக்காவின் சிறு குறிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

மனு கொண்டுபோனவர்கள் யாரென்று பார்க்க வேண்டும். பிரதான ஆசாரியர் பெரும்பாலும் சதுசேயர் கட்சி. இறந்தவர் எழுவது என்ற ஒன்றே கிடையாது என்பது அந்தக் கட்சியின் கொள்கை. அப்போஸ்தலர் நடபடிகள் 23:8இல் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. பரிசேயர் இதற்கு நேரெதிர். கடைசி நாளில் எல்லோரும் எழுவார்கள், நீதிமான் வாழ்வுக்கும் மற்றவன் பழிக்கும் எழுவான் என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. தானியேல் 12ஆம் அதிகாரமும், தாயின் கண்முன்னே வதைபட்டுச் செத்த ஏழு சகோதரரின் கதையைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூலும் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். ஆக, பிலாத்துவின் முன் நிற்பவர்களில் ஒரு பாதிக்கு ஒருவரும் ஒருநாளும் எழமாட்டார். மற்றப் பாதிக்கு எல்லோரும் ஒரே நாளில் எழுவார்கள். வருகிற ஞாயிறு விடியப்புறம் ஒரு மனிதன் மட்டும் தனியே எழுவான் என்று நினைக்க இரு பாதியிலும் ஆள் இல்லை.

இன்னொன்று கவனிக்க வேண்டியது. வெள்ளி பின்னேரம் அடக்கம், சனிக்கிழமை மனு. வெள்ளி இரவு முழுவதும் கல்லறைக்குக் காவல் கிடையாது. காவலர் கதையைக் காட்டித் திருட்டே நடந்திருக்க முடியாது என்று வாதிடும் பிரசங்கிமார் இந்த ஓர் இரவை மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மத்தேயு தாண்டவில்லை, நாளைக் குறித்தே எழுதிவைத்திருக்கிறார்.

27:63

அந்த ஏமாற்றுக்காரன் உயிரோடிருந்தபோது மூன்று நாளுக்குப் பின் எழுவேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது என்று பிலாத்துவிடம் சொல்கிறார்கள்.

பிலாத்துவை மரியாதையாக விளிக்கிறார்கள். இயேசுவின் பெயரை வாயில் எடுக்கவில்லை. செத்த பிறகும் பெயர் சொல்லக் கூசுகிற அளவு வெறுப்பு. ஆனால் நினைவு துல்லியமாக இருக்கிறது. எங்கே கேட்டார்கள்? மத்தேயுவுக்குள்ளேயே விடை உண்டு. அடையாளம் காட்டு என்று வேதபாரகரும் பரிசேயரும் கேட்டபோது, மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனாவைத்தான் காட்டுவேன் என்று சொன்னார் (12:38–40). பரிசேயரும் சதுசேயரும் சேர்ந்து வந்து கேட்ட இன்னொரு தடவையும் அதே யோனா (16:1–4). விசாரணையில் பொய்ச்சாட்சிகள் ஆலயத்தை இடித்து மூன்று நாளில் கட்டும் பேச்சை இழுத்தார்கள். சிலுவையின் கீழே வழிப்போக்கர் அதையே சொல்லி நையாண்டி செய்தார்கள். பகைவர் காதில் விழுந்தவை இப்படி மறைபொருளான பேச்சுகள். அந்த மறைபொருளிலிருந்து மூன்று நாள், எழுதல் என்ற இரண்டையும் பிழையில்லாமல் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

சீடர்களுக்கோ மறைபொருள் ஒன்றுமில்லை. தனியே அழைத்து, நேரடியாக, மூன்று தரம் சொல்லப்பட்டது. ஒவ்வொரு தரமும் அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தரம் (16:21) துன்பம், சாவு, எழுதல் மூன்றும் சொல்லப்படுகின்றன. சாவு என்ற இடத்திலேயே பேதுருவின் காது அடைத்துப் போகிறது. அவரைத் தனியே கூட்டிப்போய்க் கடிந்துகொள்கிறார். எழுதலைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டாம் தரம் (17:22–23) எல்லோருக்கும் பெருந்துக்கம். எழுவேன் என்றவரின் பேச்சை நம்பியிருந்தால் அத்தனை துக்கத்துக்கு இடமில்லை. மூன்றாம் தரம் (20:17–19) அடியும் சவுக்கும் சிலுவையும் எல்லாம் விவரமாகச் சொல்லி முடித்த கையோடு, செபதேயுவின் மனைவி தன் இரு பிள்ளைகளுக்கும் வலமும் இடமும் நாற்காலி கேட்டு வருகிறாள். கடைசி இரவிலும் இதுவே. நான் எழுந்தபின் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போவேன் என்கிறார் (26:32). பேதுரு பிடித்துக்கொள்வது அதற்கு முன்னால் வந்த சொல்லை: எல்லோரும் இடறினாலும் நான் இடறமாட்டேன். கலிலேயா காற்றோடு போய்விட்டது.

மாற்கு இன்னும் வெளிப்படையானவர். மரித்தோரிலிருந்து எழுவது என்றால் என்னவாக இருக்கும் என்று சீடர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள் என்கிறார் (9:10). பிறகு, அவர் சொன்னது விளங்கவில்லை, கேட்கவும் பயம் என்கிறார் (9:32). விளங்காததைக் கேட்கப் பயப்படும் மாணவரை எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

ஏன் விளங்கவில்லை? மூளை மந்தம் என்று முடித்துவிடுவது பழைய பிரசங்க வழி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இறந்த லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் உன் சகோதரன் எழுவான் என்று இயேசு சொன்னபோது அவள் பதில் ஆயத்தமாகவே இருந்தது: கடைசி நாளில் எழுவான், அது தெரியும். பரிசேயரின் பாடத்தை அவள் நன்றாகப் படித்திருக்கிறாள். அந்தப் பாடத்தில் எழுதல் என்பது உலக முடிவில் ஊரோடு நடக்கிற காரியம். வரலாறு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவர் மட்டும் எழுவார் என்பதற்கு அதில் பக்கமே கிடையாது. ஆங்கிலேய அறிஞர் என்.ரி. றைற் 2003இல் வெளியிட்ட பெரிய நூலில் இதையே விரிவாக நிறுவுகிறார். மேசியாவைப் பற்றிய பாடமும் அப்படியே. மேசியா வெல்ல வேண்டியவர். ரோமரின் சிலுவையில் தொங்கியவர் மேசியா அல்ல என்பது அந்தத் தொங்கலாலேயே தீர்ந்த வழக்கு. தெயுதா என்பவன் எழும்பினான், கொல்லப்பட்டான், கூட்டம் கலைந்தது. கலிலேயனான யூதாவும் அப்படியே என்று கமாலியேல் சொல்லும் கணக்கு அந்தக் காலத்து வழமையைக் காட்டுகிறது. எம்மாவு ஊருக்கு நடந்துபோன இருவரும் தாங்கள் நம்பியிருந்ததை இறந்த காலத்தில் சொல்வது அதனால்தான்.

ஆனால் லாசரு எழுந்ததை இவர்கள் கண்ணாலே கண்டவர்கள் அல்லவா? யவீருவின் மகளையும் நாயீன் ஊர் விதவையின் மகனையும் கண்டவர்கள் அல்லவா? உண்மைதான். அங்கே எழுப்புவதற்கு வாசலில் ஒருவர் நின்றார். இங்கே எழுப்புகிறவர்தான் உள்ளே கிடக்கிறார்.

சைவருக்கு இந்த இடத்தில் மயிலாப்பூர் நினைவுக்கு வரும். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசர். மகள் ஞானசம்பந்தருக்கு என்று உரித்தாக்கப்பட்டவள் என்பது அவர் எண்ணம். சம்பந்தர் வந்தார், பாடினார், குடம் உடைந்து பெண் எழுந்தாள், ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. சேக்கிழார் சொல்லும் அந்த நிகழ்ச்சியில் காத்திருக்கத் தகப்பன் இருக்கிறார், பாட ஞானக்குழந்தை இருக்கிறது, பார்க்கக் கூட்டம் இருக்கிறது. மத்தேயுவின் தோட்டத்தில் மூன்றும் இல்லை. எழுதல் நடக்கும் கணத்தை அவர் எழுதவேயில்லை. தூதன் கல்லைப் புரட்டும்போது உள்ளே இருந்தவர் ஏற்கெனவே இல்லை.

தனியொருவர் எழுந்துவிட்டார் என்று உண்மையாகவே நம்பிய ஆள் ஒருவன் சுவிசேஷங்களில் இருக்கிறான். அவன் ஏரோது அந்திப்பா. தான் தலை வெட்டுவித்த யோவான் ஸ்நானகன்தான் எழுந்து வந்து அற்புதம் செய்கிறான் என்று இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவன் சொன்னான் (மாற்கு 6:14–16). அவனுக்கு அதில் நம்பிக்கையின் சுகம் இல்லை, கொலைகாரனின் பயம் இருந்தது. ஆகவே அப்படியொரு வதந்தி அந்தக் காலத்தில் முளைக்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆசாரியரின் அச்சத்துக்கு ஊர்ப் பேச்சில் இடம் இருந்தது.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று தரம் இத்தனை தெளிவாகச் சொல்லியும் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், அந்தத் தெளிவே பிற்காலத்தில் வந்ததாக இருக்கலாம் அல்லவா? ஜெர்மன் அறிஞர் புல்ட்மன் போன்றோர் இந்த முன்னறிவிப்புகள் நடந்த பிறகு திருச்சபை தொகுத்தவை என்றார்கள். அந்த வாதத்தை எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. சவுக்கு, சிலுவை என்று வரிசை பிசகாமல் வரும் மூன்றாம் அறிவிப்பில் பின்னாளைய கைவண்ணம் இருக்கக்கூடும். ஆனால் சொல்லைக் கூராக்கியவர்கள், கேட்டவர்களின் மழுக்கத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கேட்டவர்கள்தான் சபையின் தூண்களென்று போற்றப்பட்டவர்கள். தலைவர்களை இப்படி நிறுத்திவைக்க ஒரு துணிவு வேண்டும், அல்லது அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்து மறைக்க வழியில்லாமல் போயிருக்க வேண்டும்.

27:64

மூன்றாம் நாள்வரை கல்லறையைப் பத்திரப்படுத்தக் கட்டளையிட வேண்டும். இல்லாவிட்டால் சீடர்கள் வந்து திருடிக்கொண்டு போய், எழுந்துவிட்டார் என்று சனங்களுக்குச் சொல்வார்கள். அந்தக் கடைசி மோசம் முந்தியதைவிடக் கேடாகும் என்கிறார்கள்.

பகைவர் எதிர்பார்த்தது என்ன என்பதற்கு விடை இந்த வசனம். எழுதலை எதிர்பார்த்திருந்தால் சேவகரையும் கல்லையும் கேட்டிருக்கமாட்டார்கள். இறைவன் எழுப்புகிறவனைச் சேவகன் தடுப்பானா? அவர்கள் எதிர்பார்த்தது கதையை; எழுந்துவிட்டார் என்ற பேச்சை. அந்தப் பேச்சின் எடையை அவர்கள் சரியாகவே மதிப்பிட்டார்கள். செத்தவன் திரும்பி வந்தான் என்பது வெறும் பேய்க்கதையாகப் போகாது. நீங்கள் தேவதூஷணம் என்று தீர்த்தவனை இறைவன் நீதிமான் என்று தீர்த்துவிட்டான் என்று அதற்குப் பொருள். தீர்ப்பளித்த சங்கத்துக்கு அதைவிடக் கேடு வேறு இல்லை. சீடர்களுக்கு முன்பே பகைவர்களுக்கு உயிர்ப்பின் இறையியல் விளங்கியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அவர்கள் பிழையாகக் கணித்தது சீடர்களின் நெஞ்சுரத்தை. கெத்செமனேயில் எல்லோரும் ஓடியாயிற்று. பேதுரு ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து அந்த மனிதனைத் தெரியாது என்று சத்தியம் செய்தாயிற்று. யோவானின் கணக்கில் ஞாயிறு பின்னேரமும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இவர்கள் இரவில் வந்து பெருங்கல்லைப் புரட்டிப் பிணத்தைத் தூக்கிப் போவார்களாம்!

கல்லறைத் திருட்டு அந்தக் காலத்தில் நடக்காத காரியம் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளலாம். நாசரேத்துக் கல்வெட்டு என்று பெயர் பெற்ற ஒரு சலவைக்கல் பலகை 1878இல் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது, 1930இல் அச்சில் வெளியானது. கல்லறையைக் கலைப்பவருக்கு மரண தண்டனை என்கிற பேரரசக் கட்டளை அதில் இருக்கிறது. இயேசுவின் கல்லறைச் செய்தி ரோமுக்கு எட்டியதால் பிறந்த சட்டம் என்று சிலர் மகிழ்ந்தார்கள். 2020இல் கல்லைச் சோதித்தபோது அது கிரேக்கத் தீவான கோஸ் பக்கத்துக் கல் என்று தெரிந்து அந்த மகிழ்ச்சி தளர்ந்துவிட்டது.

27:65–66

உங்களுக்குக் காவல் இருக்கிறது, போய் உங்களால் ஆனமட்டும் பத்திரப்படுத்துங்கள் என்கிறான் பிலாத்து. அவர்கள் போய்க் கல்லுக்கு முத்திரை போட்டுக் காவல் வைக்கிறார்கள்.

சலித்துப்போன அதிகாரியின் பதில். வந்தவர் ரோமச் சேவகரா ஆலயக் காவலரா என்று தீராத வழக்கு ஒன்று உண்டு. பின்னால் அவர்கள் நடந்ததைப் பிரதான ஆசாரியரிடம் போய்ச் சொல்வதைப் பார்த்தால் ஆலயக் காவலர் என்று தோன்றுகிறது. ஆளுநர் காதுக்கு எட்டினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசாரியர் தேற்றுவதைப் பார்த்தால் ரோமர் என்று தோன்றுகிறது. நான் இதில் நேரம் போக்க விரும்பவில்லை.

முத்திரையும் ஆயுதமும் ஒரு வழிபாட்டின் வாசலில் நிற்பது இந்த நாட்டு வாசகருக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு அந்தப் பண்டிகைப் பூசைகளுக்குத் துவக்கோடு காவல் நிற்பது வழக்கமாகிவிட்டது. காவலைக் கடந்து உள்ளே போய் இந்த அதிகாரத்தை வாசிக்கக் கேட்பவர்கள் மத்தேயுவின் சேவகரை வேறு விதமாகக் கேட்பார்கள்.

1886–87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு துறவியின் புதைகுழியிலிருந்து பேதுரு சுவிசேஷம் என்ற பழைய நூலின் துண்டு கிடைத்தது. அதில் இதே காட்சி ஊதிப் பெருத்திருக்கிறது. நூற்றுக்கதிபனுக்குப் பெத்ரோனியு என்று பெயர் வந்துவிட்டது. முத்திரை ஏழு. மூப்பரும் கூடவே கூடாரம் அடித்து விழித்திருக்கிறார்கள். ஓய்வுநாளில் எருசலேமிலிருந்து கூட்டம் வந்து முத்திரையைப் பார்த்துவிட்டுப் போகிறது. பிறகு வானத்தைத் தொடும் தலைகளோடு ஆட்கள் வெளியே வர, பகைவர்கள் எல்லாவற்றையும் கண்ணாரக் காண்கிறார்கள். அந்த நூலை எழுதியவருக்கு மத்தேயுவின் அடக்கம் பொறுக்கவில்லை. யாராவது ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருந்து கண்டிருக்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு. அந்த ஏக்கத்தைச் சீடரைக்கொண்டு தீர்க்க வழியில்லாமல், பகைவரைக்கொண்டு தீர்த்துவிட்டார்.

28:1–8

ஓய்வுநாள் முடிந்து விடிகிற நேரம் இரண்டு மரியாள்களும் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள்.

வடமராட்சிச் செத்த வீட்டில் பெண்கள் படலையோடு, மிஞ்சினால் ஒழுங்கை முடக்கோடு நின்றுவிடுவார்கள். சுடலைக்குப் போவது ஆண்கள். அப்படிப் பழகிய கண்ணுக்கு, ஆண்கள் ஒளிந்திருக்கப் பெண்கள் மட்டும் இருட்டோடு பிரேதக் குழிக்குப் போவது தலைகீழாகத் தெரியும். ஆனால் அவர்கள் போனது எழுந்தவரைக் காணவா? மாற்கும் லூக்காவும் பூசுவதற்கு வாசனைத் திரவியம் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். வழியெல்லாம் அவர்கள் கவலை, கல்லைப் புரட்டித் தர யார் இருக்கிறார்கள் என்பது. உள்ளே இருப்பவர் வெளியே வருவார் என்று நினைப்பவருக்கு வெளியிலிருந்து கல் புரட்ட ஆள் தேவையில்லை. மத்தேயு திரவியப் பேச்சை எடுக்கவில்லை. முத்திரையும் காவலும் வைத்த கதையை எழுதியவருக்கு அது பொருந்தாது. காவல் உண்மையிலேயே இருந்திருந்தால் மாற்கின் பெண்கள் கல்லைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள் என்ற ஆட்சேபம் வலுவானது. அந்தப் பெண்களுக்குக் காவல் வைத்தது தெரிந்திராது என்பது வழக்கமான விடை. ஓய்வுநாளில் வீட்டோடு இருந்தவர்களுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம்தான்.

யோவானின் சுவிசேஷத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நான் பார்த்த உரைகளில் அதற்குரிய இடம் கிடைக்கவில்லை. வெறுமையான கல்லறையைக் கண்டதும் மகதலேனா மரியாள் சொல்வது, யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது. பேதுருவிடம் அதைச் சொல்கிறாள், தூதரிடம் சொல்கிறாள், தோட்டக்காரன் என்று நினைத்தவரிடமும் சொல்கிறாள். உடல் அகற்றப்பட்டது என்ற விளக்கத்தை ஆசாரியருக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. இயேசுவை மிக நேசித்த பெண்ணின் வாயிலேயே அதுதான் முதலில் வந்தது. எதிரே நிற்பவரையே திருடியவராக எண்ணிக் கேட்கிறாள்.

சீடர்களின் கதையை நீட்டத் தேவையில்லை. பெண்கள் சொன்னது பிதற்றலாகப் பட்டது என்கிறார் லூக்கா. தோமாவுக்கு விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

28:11–15

காவலரில் சிலர் நகரத்துக்குப் போய் நடந்ததை ஆசாரியருக்கு அறிவிக்கிறார்கள். மூப்பர் கூடி ஆலோசித்து நிறையப் பணம் கொடுத்து, நாங்கள் தூங்கும்போது சீடர்கள் வந்து திருடிப் போனார்கள் என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு யூதருக்குள் இந்நாள்வரை வழங்குகிறது என்று முடிக்கிறார் மத்தேயு.

தூங்கினவன் எப்படிச் சாட்சி சொல்வான் என்று ஆகஸ்தீன் அன்றைக்கே எள்ளினார். அந்த எள்ளல் எடுபடும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஆசாரியரின் முகம். மூன்றாம் நாளைத் தேதி போட்டு எண்ணியிருந்தவர்களிடம், மூன்றாம் நாளில் கல்லறை வெறுமை என்ற செய்தி வருகிறது. நினைவு வைத்திருந்ததற்கு இதைவிடப் பெரிய அழைப்பு இல்லை. அவர்கள் ஒருவரைக்கூடத் தோட்டத்துக்கு அனுப்பிப் பார்க்கவில்லை. நம்பவுமில்லை, ஆராயவுமில்லை, கூடிப் பேசிக் காசை எண்ணினார்கள். சொல்லை நினைவில் வைத்தவர்களுக்கு அந்த நினைவு கடைசிவரை ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. மூடிய அறைக்குள் நடந்த இந்தப் பேச்சு மத்தேயுவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விடை கிடையாது. அங்கிருந்த யாரோ பின்னாளில் சபைக்கு வந்து சொன்னார் என்பார்கள், ஊகம்தான்.

என் கணிப்பில், இந்தக் காவல் கதை இன்றைய வடிவத்தைப் பெற்றது இரு தரப்பின் நெடுநாள் வாக்குவாதத்தில். எழுந்தார் என்றார்கள் ஒரு தரப்பினர். திருடினீர்கள் என்றார்கள் மறு தரப்பினர். காவல் இருந்ததே என்றார்கள் இவர்கள். காவலர் தூங்கிவிட்டார்கள் என்றார்கள் அவர்கள். தூங்கியதாகச் சொல்லப் பணம் கொடுத்தவர்களே நீங்கள்தான் என்று மத்தேயு முடிக்கிறார். இந்நாள்வரை என்ற அவரது சொல்லே அந்த வாக்குவாதம் எழுதும்போதும் ஓயவில்லை என்று காட்டுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் இதே திருட்டுப் பழியை எதிர்கொள்கிறார். தெர்த்துல்லியன் காலத்தில் அதற்கு ஒரு கேலியும் சேர்ந்துவிட்டது: பார்க்க வரும் கூட்டம் தன் கீரைப் பாத்தியை மிதிக்காதிருக்கத் தோட்டக்காரனே உடலை அப்புறப்படுத்தினானாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ரெய்மாரஸ் திருட்டு வாதத்தை மறுபடி தூசி தட்டினார். அவர் இறந்த பிறகு லெஸ்ஸிங் அதை அச்சேற்றியபோது ஜெர்மனி கொதித்தது. வாக்குவாதத்தில் பிறந்த கதை என்பதால் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. வாதாடிய இரு தரப்பும் கல்லறை வெறுமை என்பதில் ஒன்றாகவே நின்றன. மத்தேயு எழுதிய காலத்துக்கு அது நிச்சயம். முதல் வாரத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று இந்த ஒரு பகுதியைக் கொண்டு சொல்ல நான் துணியமாட்டேன்.

ஒன்று மட்டும் இந்தப் பகுதிக்கு வெளியே, அடுத்த இரு வசனங்களில் இருக்கிறது. பதினொருவரும் கலிலேயாவில் அவர் குறித்த மலைக்குப் போகிறார்கள், அவரைக் கண்டு பணிகிறார்கள், சிலரோ ஐயப்படுகிறார்கள் (28:16–17). எதிர்பார்க்காதவர்களை வைத்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தவர், கண்ட பிறகும் ஐயம் தீராதவர்களை மறைக்காமல் முடிக்கிறார். அந்தச் சிலர் யார், பிறகு தெளிந்தார்களா என்று எழுதவில்லை. அடுத்து எல்லாச் சாதிகளிடமும் போகும்படி அனுப்பும்போது, பணிந்தவர்களையும் ஐயப்பட்டவர்களையும் இயேசு பிரித்து நிறுத்துவதாகவும் இல்லை.